என்கோடரை மாற்றும் முன் ஷாஃப்டில் ஒரு கோடு போடுங்கள்

பினாங்குப் பாலத்தைக் கடந்து பிறையில் ஒரு சின்னத் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். பை வெட்டும் மெஷின். மெதுவாக ஓட்டினால் அளவு கச்சிதம். வேகத்தைக் கூட்டினால் பை நீண்டு, அச்சு இடம் மாறிவிடும். "அண்ணே, ரெண்டு தடவ என்கோடர் மாத்திட்டேன்," என்றார் அங்கிருந்த டெக்னீஷியன் தம்பி. மோட்டார் எவ்வளவு சுற்றியது என்பதைப் பல்ஸ்களாக, அதாவது மின் துடிப்புகளாகச் சொல்லும் கருவிதான் என்கோடர். நல்ல என்கோடர்கள் இரண்டு குப்பைக்குப் போயிருந்தன. எனக்கு அதுதான் வருத்தம்.

மோட்டார் ஷாஃப்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடச் சொன்னேன். சுற்றுக்கு 600 பல்ஸ் தரும் என்கோடர் அது. ஏ, பி இரண்டு சிக்னலும் கால் சுழற்சி தள்ளி வருவதால், ஏற்றம் இறக்கம் எல்லாவற்றையும் எண்ணினால் சுற்றுக்கு 2,400. கையால் 10 சுற்று சுற்றினோம்: 24,000. அப்புறம் முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, கோட்டை அதே இடத்துக்குக் கொண்டுவந்தோம். எண்ணை 2,400-ஆல் வகுத்தால் மீதியே வரக்கூடாது. ஆயிரத்துக்கு மேல் வந்தது.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் விநாடிக்கு 60,000 எண்ணிக்கை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 17 மைக்ரோ விநாடிகூட இல்லை. அதை எண்ண உள்ளே இருந்ததோ ஆர்டுவினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு. ஒவ்வொரு இன்டரப்டிலும், அதாவது சிக்னல் மாறி சில்லைக் கூப்பிடும்போதெல்லாம், பின்னின் நிலையைப் படிக்கும் டிஜிட்டல்ரீட் இரண்டு முறை. அதிலேயே பாதி நேரம் போய்விடும். இடையில் ஒரு நிலை தவறினால் ஏ, பி இரண்டும் 00-இலிருந்து நேராக 11-இல் வந்து நிற்கும். முன்னே போனதா பின்னே போனதா என்று புரோகிராமுக்குத் தெரியாது. எந்த விளக்கும் எரியாது, எந்த எச்சரிக்கையும் வராது. இந்த மௌனம்தான் ஆபத்து.

எஸ்.டி.எம்.32 போர்டுக்கு மாற்றினோம். அதன் டைமரில் என்கோடர் மோடு உண்டு. எண்ணும் வேலையைச் சில்லே பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த 16 பிட் கவுண்டர் 65,535-க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பும். இந்த வேகத்தில் ஒரு விநாடிக்குச் சற்றுமேல் போதும். அதனால் 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை முந்தைய எண்ணுக்கும் இப்போதைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை 16 பிட் குறியெண்ணாக (கூட்டல், கழித்தல் குறியுள்ள எண்ணாக) கழித்து, பெரிய மாறியில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். வேகமும் அதே வித்தியாசத்திலிருந்து கிடைக்கும். ஆனால் மோட்டார் 10 ஆர்.பி.எம்.மில் ஊர்ந்தால் அந்த இடைவெளியில் வருவது 4 எண்ணிக்கைதான். ஒன்று கூடினாலே வேகம் கால்பங்கு தப்பு. அங்கே பல்ஸுக்கும் பல்ஸுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து பாருங்கள்.

மோட்டார் நிற்கும்போதே எண் ஓடினால் அது வேறு நோய்: மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரின் கேபிளோடு சேர்த்துக் கட்டிய சிக்னல் கம்பி, அல்லது புல்லப் (சிக்னலை மேல்நிலையில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டர்) இல்லாத ஓப்பன் கலெக்டர் (தானாக மேல்நிலைக்கு வராத வெளியீடு). இ.எஸ்.பி.32 என்ற இன்னொரு கன்ட்ரோலரில் 34 முதல் 39 வரையுள்ள பின்களுக்கு உள்ளே புல்லப் கிடையாது. வெளியே ரெசிஸ்டர் போட்டே ஆக வேண்டும்.

அந்த என்கோடரின் இஸட் கம்பி எங்கும் இணைக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றுக்கு ஒருமுறை மட்டும் பல்ஸ் தருவது அது. ஒரே திசையில் ஓடும்போது, ஒரு இஸட் பல்ஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே 2,400 வராவிட்டால் மெஷினை நிறுத்து என்று எழுதிவிட்டு, அந்தக் கம்பியையும் இணைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.