நின்ற வண்டிக்குள் என்ன நடக்கிறது?

பெரியப்பாவின் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் 2020 ஊரடங்கின்போது மாட்டுக்கொட்டகை ஓரம் நின்றது. அப்புறம் அவருக்கு மூட்டுவலி வர, வண்டி அங்கேயே தங்கிவிட்டது. ஐந்து வருடம் கழித்துக் கொட்டகையைப் பிரிக்கும்போது, "நீ எடுத்துக்கோப்பா, நல்லா ஓடிட்டு இருந்த வண்டிதான்" என்று சாவியைக் கொடுத்தார். தூசியையும் சீட்டில் இருந்த கோழி எச்சத்தையும் துடைத்ததும் வண்டி பார்க்க நன்றாகவே இருந்தது. உடனே கிக்கரை மிதிக்கப் போனேன். தெருமுனை மெக்கானிக் அண்ணன் ஓடிவந்து தடுத்தார்: "தம்பி, அது மேல கால வைக்காதீங்க!"

அவர் தடுத்ததற்குக் காரணம் இன்ஜினுக்குள் இருக்கிறது. ஓடும் வண்டியில், சிலிண்டருக்குள் மேலும் கீழும் போகும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே ஆயில் மெல்லிய படலமாக நிற்கும். உலோகம் உலோகத்தைத் தொடாமல் வழுக்கிப் போவது அதனால்தான். வண்டி மாதக்கணக்கில் நின்றால் அந்த ஆயில் மெல்ல வழிந்து கீழே இறங்கிவிடும். சுவர் வறண்டு போகும். இன்ஜின் நிற்கும்போது ஏதாவது ஒரு வால்வு திறந்தே நின்றிருந்தால், மழைக்கால ஈரக்காற்று அந்த வழியே உள்ளே போகும். இரும்பு துருப்பிடித்தால் பருமன் கூடும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ரிங் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்வது இப்படித்தான். அந்த நிலையில் கிக்கரை ஓங்கி மிதித்தால் ரிங் உடையலாம், சுவரில் கீறல் விழலாம்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி ஒரு ராத்திரி விட்டோம். காலையில் கிக்கரைத் தொடவே இல்லை. நாலாவது கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தோம். பெரிய கியரில் சக்கரம் இன்ஜினைச் சுலபமாகத் திருப்பும். எங்காவது பிடித்தால் கைக்கே தெரியும். முதலில் அசையவில்லை. நாலைந்து முறை ஆட்டியதும் 'சளக்' என்று விட்டது. பிளக் ஓட்டையில் விரலை வைத்துச் சக்கரத்தைத் திருப்பியபோது காற்று மெல்லத் தள்ளியது, பிஸ்டன் அசைகிறது என்று அர்த்தம். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கிளட்ச் பிளேட்டுகளும் ஆயிலில் ஊறியபடியே ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கிளட்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை உலுக்க உலுக்க அவையும் பிரிந்தன.

அடுத்தது பெட்ரோல். பெட்ரோல் கெட்டுப்போகும் என்பதைப் பலர் நம்புவதில்லை. அது ஒரே பொருள் இல்லை. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. இலேசானவை முதலில் ஆவியாகிப் போகும். பென்டேன் 36 டிகிரியிலேயே கொதிக்கும். நம் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அது எத்தனை நாள் தங்கும்? குளிர்ந்த இன்ஜினைப் பற்றவைக்க உதவுபவை இந்த இலேசான பொருள்களே. மிஞ்சிய கனமான பகுதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரியும். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசினாக மாறும். டேங்க் மூடியைத் திறந்தபோது பெட்ரோலின் கார நெடி வரவில்லை, பழைய வார்னிஷ் வாடைதான் அடித்தது.

அந்தப் பிசின் அதிகம் சேரும் இடம், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் காபரேட்டர். அதன் கப்பில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும், காற்றோட்டமும் உண்டு. ஆவியாக ஆவியாக, பால் காய்ந்த சட்டி மாதிரி, அடியில் மஞ்சள் படிவு தங்கும். கப்பைக் கழற்றியபோது பச்சையும் பழுப்புமாக ஒரு ஏடு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் அரக்கு மாதிரி உரிந்து வந்தது. உள்ளே இரண்டு பித்தளை ஜெட், அதாவது பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைத் திருகுகள். பெரியது ஆக்சிலேட்டர் முறுக்கும்போது பெட்ரோல் தருவது. சின்னது, ஆக்சிலேட்டரை முறுக்காதபோதும் வண்டி அணையாமல் ஐட்லிங்கில் நிற்கத் தருவது. சின்ன ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டரைவிடக் குறைவு, அதனால் முதலில் அடைவதும் அதுதான். சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகி, சோக்கை எடுத்ததும் அணைந்துவிடும் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். சோக், காற்றைக் குறைத்து மற்ற வழியாகப் பெட்ரோலை அதிகம் இழுக்க வைக்கிறது. அதை எடுத்ததும் இன்ஜின் சின்ன ஜெட்டை நம்ப வேண்டியிருக்கிறது. அங்கே வழி இல்லை.

இங்கே பெரும்பாலானோர் ஒரு தப்பு செய்வார்கள், நானும் செய்யப் பார்த்தேன்: கேபிளிலிருந்து ஒரு கம்பி நூலை உருவி ஜெட்டுக்குள் குத்துவது. பித்தளை மென்மையான உலோகம். 0.35 மில்லிமீட்டர் துளை 0.40 ஆனால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் சுமார் 30 சதவீதம் கூடிவிடும். அப்புறம் எந்த ஸ்குரூவைத் திருப்பினாலும் வண்டி பெட்ரோலைக் குடிக்கும், பிளக் கரி பிடிக்கும். ஜெட்டைக் காபரேட்டர் கிளீனரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பம்ப் காற்றால் ஊதுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் துளை உருண்டையாக, ஓரம் சுத்தமாகத் தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது, திரும்ப ஊறட்டும்.

டேங்குக்கு வேறு வைத்தியம். பாதி காலியான டேங்க் மூச்சு விடும்: பகலில் சூடாகிக் காற்றை வெளியே தள்ளும், இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் மேல் தகட்டில் வியர்த்து வழிந்து பெட்ரோலுக்கு அடியில் தேங்கும். இப்போது நம் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் தண்ணீரை ஈர்க்கக்கூடியது. ஓரளவு வரை தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்தே பிரிந்து கீழே இறங்கிவிடும். துரு தொடங்குவது அந்த அடியில். பழைய பெட்ரோலை வடித்து, ஆவி போகும்வரை காயவைத்து, வினிகரை ஊற்றி ஒரு நாள் விட்டோம். அம்மா பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதும் இதே வேதியியல்தான். இலேசான அமிலம் களிம்பைக் கரைக்கிறது. பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, அமிலம் மிச்சமில்லாமல் செய்து, வெயிலில் உலர்த்தி, உடனே உள்ளே ஆயில் தடவ வேண்டும். சுத்தமான இரும்பு, ஈரம் பட்டால் சில மணி நேரத்திலேயே செம்மண் நிறம் ஆகிவிடும்.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சார்ஜ் இறங்கும்போது ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் அது கரைந்துவிடும். மாதக்கணக்கில் விட்டால் பெரிய படிகங்களாக இறுகி மின்சாரத்தை ஏற்காது. நல்ல 12 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 காட்டும்; இது 4 வோல்ட்டில் கிடந்தது. புதிது வாங்கினோம்.

டயரில் நான் பிடிவாதமாக இருந்தேன். பட்டன் இன்னும் ஆழமாக இருந்ததால் "இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்றார்கள். ஆனால் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள். காற்றில் உள்ள ஓசோன் ரப்பரின் சங்கிலிகளை அறுக்கும். அதைத் தடுக்க டயருக்குள்ளேயே ஒரு வகை மெழுகு கலந்திருப்பார்கள். டயர் நசுங்கி நிமிர்ந்து உருளும்போது அது மேற்பரப்புக்கு வந்து பூச்சாகும். நின்ற டயரில் அந்தப் பூச்சு புதுப்பிக்கப்படுவதில்லை. பக்கச் சுவரில் 3215 என்று பொறித்திருந்தது: 2015-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத் தயாரிப்பு. இரண்டையும் மாற்றினோம்.

பிரேக் டிரம்மைத் திறந்து, துருவை உப்புத்தாளால் தேய்த்து, ஷூவை விரிக்கும் கேமின் காய்ந்த கிரீஸைத் துடைத்துப் புதிதாக வைத்தோம். அந்தக் கேம் இறுகியிருந்தால் பிடித்த பிரேக் விடாது. டிஸ்க் பிரேக் வண்டி என்றால் பிரேக் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். அதுவும் ஈரம் உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது உள்ளே ஆவிக் குமிழி உண்டானால் லீவர் வெறுமனே போய் அழுந்தும்.

ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி வைக்கோல் சேர்த்திருந்தது, சைலன்சர் முனையில் குளவியின் மண்கூடு. இரண்டையும் எடுத்தோம். வண்டி 2008 மாடல் என்பதால் பதிவின் 15 வருடம் முடிந்திருந்தது; ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து, இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் வாங்கும்வரை தெருவில் இறக்கவில்லை.

முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்கில் அரை லிட்டர் புதுப் பெட்ரோல் போதும். சாவியை அணைத்தே வைத்து பத்துப் பதினைந்து தடவை மெதுவாக மிதித்தேன், ஆயில் மேலே ஏறட்டும் என்று. அப்புறம் சோக், சாவி. மூன்றாவது மிதியில் பிடித்தது. சிலிண்டரில் ஊற்றிய ஆயில் எரிந்து நீலப்புகை கொட்டகை முழுக்கப் பரவியது; சில நிமிடத்தில் குறைந்தது. சோக்கை எடுத்தேன். இன்ஜின் அணையாமல் நின்றது. சூடு ஆறுவதற்குள் பழைய ஆயிலை வடித்தோம், அப்போதுதான் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எல்லா நட்டுகளையும் மறுபடி பார்த்தேன். செயின் கொஞ்சம் தொய்ந்திருந்தது, பின் பிரேக் நட்டை அரைச்சுற்று இறுக்கினேன்.