தட்டில் அடங்கும் வைரஸ் உடம்பில் அடங்குமா?

காய்ச்சல் பரவும் மாதங்களில் ஹட்டனில் எங்கள் பார்மசிக்கு வருபவர்கள் பலர் போனை நீட்டுவார்கள். “மிஸ், இந்த மருந்து வைரஸைக் கொல்லுதாம். ஒரு காட் தாங்க.” அந்தச் செய்தி பல நேரம் பொய்யே இல்லை. ஆய்வகத்தில் அப்படித்தான் நடந்திருக்கும். அதனால்தான் எனக்குப் பயம் கூடுகிறது.

2020 ஏப்ரலில் மெல்பேர்ன் ஆய்வாளர்கள் ஐவர்மெக்டின் என்ற புழுமருந்து பற்றி ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்த கலங்களில் கொரோனா வைரஸைத் தொற்றவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மருந்தைச் சேர்த்தார்கள். 48 மணி நேரத்தில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ ஏறக்குறைய 5,000 மடங்கு குறைந்தது. உலகமே இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. மருந்தின் செறிவைப் பலர் கேட்கவில்லை. அது 5 மைக்ரோமோலார். புழுவுக்கும் சொறிக்கும் நாம் கொடுப்பது உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். அதை விழுங்கினால் இரத்தத்தில் சேரும் செறிவு, தட்டில் இருந்ததைவிடப் பல பத்து மடங்கு குறைவு. சரி, மாத்திரையைக் கூட்டினால்? தலைசுற்று, குழப்பம், வலிப்பு என்று மூளைதான் முதலில் அடிபடும். மாட்டுக்கு வாங்கி வைத்த ஊசிமருந்தைத் தொடவே கூடாது. பிரேசிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2022இல் வெளியான முடிவும், கோவிட் நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போவதை ஐவர்மெக்டின் குறைக்கவில்லை என்றே காட்டியது.

எந்தக் கலம் என்பதும் முக்கியம். இந்தச் சோதனைகளில் அதிகம் பயன்படும் வீரோ கலங்கள் ஆபிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தவை. அவற்றுக்குள் கொரோனா வைரஸ் புகும் பாதைக்கு அமிலத்தன்மை தேவை. ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து அந்த அமிலத்தைக் குறைத்து வைரஸைத் தடுத்தது. மனித நுரையீரல் கலங்களில் வைரஸுக்கு வேறு வாசல் இருக்கிறது. அங்கே அதே மருந்து பலிக்கவில்லை.

அப்புறம், கலமே செத்துப்போனாலும் வைரஸ் பெருகாது. ஆகவே கலத்தை வாழவிட்டு வைரஸை மட்டும் நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். கொப்புளிப்பானுக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் அப்படிப்பட்டது. வைரஸின் சொந்த நொதிதான் அந்த மருந்தைச் செயல்பட வைக்கிறது. அதனால் தொற்றாத கலங்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. அதையும் டொக்டரின் துண்டோடு, கொப்புளம் தோன்றிய முதல் நாளிலேயே தொடங்கினால்தான் நல்ல பலன்.

டெங்குவுக்கு இப்படி ஒரு மருந்து இன்னும் கையில் இல்லை. தட்டில் நம்பிக்கை தந்த குளோரோகுயின், வியட்நாமில் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது இரத்தத்தில் வைரஸைக் குறைக்கவில்லை. பண்டிகைக்குக் கொழும்பிலிருந்து தோட்டத்துக்கு வரும் பிள்ளைகள் காய்ச்சலோடு வந்தால், “இந்தக் குளிரில் நுளம்பு ஏது” என்று இருந்துவிடாதீர்கள். பரசிட்டமோலை மட்டும் சரியான அளவில் கொடுங்கள். டைக்குளோபெனக், இபுபுரோபென், மெபெனமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளுக்குள் இரத்தம் பரிசோதியுங்கள். காய்ச்சல் விட்டபின் வயிற்று வலி, ஓயாத வாந்தி, முரசில் இரத்தம், சிறுநீர் குறைவு என்று ஏதாவது தெரிந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிள்ளை எங்கிருந்து வந்தது என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.