பனிச் சாலைக்கு ஃபோர் வீல் டிரைவ் மட்டும் போதுமா? டயர் செயின் வாங்கும் முன் அளக்க வேண்டியவை

பனியில் சறுக்கிச் சாலையோரம் இறங்கிக் கிடக்கும் வண்டிகளில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்குக் குறைவே இருக்காது. நான்கு சக்கரத்துக்கும் இழுவை போவதால் வண்டி சிரமமில்லாமல் கிளம்பிவிடும். சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதே ஓட்டுபவருக்கு உறைக்காது. பிரேக் என்னவோ எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. அதில் இந்த வண்டிக்குத் தனிச் சலுகை கிடையாது. கூடுதல் எடை வேறு. ஆகவே எதை வாங்குவது என்பதை ஏற்றத்தை நினைத்து முடிவு செய்யாதீர்கள், இறக்கத்தை நினைத்து முடிவு செய்யுங்கள்.

முதல் செலவு டயருக்கு. பக்கச்சுவரில் ‘எம் பிளஸ் எஸ்’ (சேறும் பனியும்) என்று மட்டும் இருந்தால், அது பட்டன், அதாவது டயர் முகப்பின் ரப்பர் கட்டிகளின், வடிவத்தைப் பற்றித் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்வது. பனிச் சோதனையில் தேறியதற்கு அத்தாட்சி ஆகாது. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரையைத் தேடுங்கள். வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகிவிடும், குளிர்கால டயரின் ரப்பர் இளக்கமாகவே இருக்கும். சேற்றுக்கான முரட்டு டயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரிய பட்டன்கள் ஆழமான புதுப்பனியைத் தோண்டும். ஆனால் பட்டன்மேல் மெல்லிய கீறல்கள் குறைவாக இருப்பதால், இறுகிய பனியிலும் ஐஸிலும் அவை வழுக்கும். பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் பனிக்கு அந்த டயரை நம்பாதீர்கள். மாற்றினால் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அடுத்தது செயின், அதாவது பனியில் பிடிப்புக்காக டயரின்மேல் சுற்றி மாட்டும் சங்கிலி. டயர் அளவைச் சொல்லி வாங்கிவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தகராறு தொடங்குவது அங்கேதான். டயருக்கும் வண்டியின் உள்பாகங்களுக்கும் நடுவே செயினுக்கு இடம் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒருபக்கம் முழுவதும் ஒடித்து, டயரின் உள்தோளுக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் தட்டு, சஸ்பென்ஷனின் மேல் ஆர்ம், பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் ஆகியவற்றில் எது மிக அருகில் இருக்கிறதோ அதுதான் உங்கள் அளவு. மறுபக்கமும் ஒடித்துப் பாருங்கள். ஜாக்கியில் தூக்கி அளக்கக் கூடாது. தொங்கும் சக்கரம் இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டும். அமெரிக்க எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) தரத்தில், இடம் குறைந்த வண்டிகளுக்கான ‘எஸ்’ வகுப்புச் செயினுக்கே டயரின் முகப்பில் 37 மில்லிமீட்டரும் பக்கச்சுவரில் 15 மில்லிமீட்டரும் இடைவெளி தேவை. கம்பெனி டயரைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால், வண்டிக் கையேட்டில் உள்ள செயின் குறிப்பு உங்களுக்குப் பொருந்தாது.

ஏணி வடிவச் செயின் விலை குறைவு, நேராக இழுப்பதில் கெட்டி. ஆனால் அதன் குறுக்குக் கம்பிகள் வளைவில் பக்கவாட்டுச் சறுக்கலைச் சரியாகத் தடுப்பதில்லை. வைர வடிவச் செயினில் ஏதாவது ஒரு கண்ணி எப்போதும் தரையில் இருக்கும்; மலைப்பாதைக்கு எங்கள் தேர்வு அதுதான். இடைவெளி மிகக் குறைவு என்றால், கையேடு அனுமதித்தால், டயருக்குத் துணி உறை போடலாம். அது பனி மூடிய சிறு தூரத்துக்கு மட்டுமே. வெறும் தாரில் ஓட்டினால் சீக்கிரமே கிழிந்துபோகும். உலோக ஆணி பதித்த டயர் ஐஸுக்கு நல்லது, ஆனால் ஜெர்மனி போன்ற நாடுகளில் அதற்குத் தடை உண்டு.

ஒரே ஜோடி இருந்தால் எந்த அச்சில் போடுவது? கையேடு சொல்வதுதான் முடிவு. ஆனால் முன்னால் மட்டும் போட்டால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் சுழன்று முன்னே வரப் பார்க்கும். பின்னால் மட்டும் போட்டால் ஸ்டீயரிங் திரும்பியும் வண்டி நேராகப் போகும். நான்கிலும் மாட்ட இடம் இருந்து கையேடும் அனுமதித்தால், இரண்டாவது ஜோடியையும் வாங்கிவிடுங்கள்.

ஏற்றம் தொடங்கும் முன்பே, சமமான இடத்தில் மாட்டுங்கள். முதலில் உள்பக்கக் கொக்கி, பிறகு வெளிப்பக்கம். கொக்கியின் வாய் டயரைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும். மாட்டுவதற்காகக் காற்றை இறக்காதீர்கள். சுமார் 100 மீட்டர் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், ஏனென்றால் கண்ணிகள் படிந்ததும் செயின் தளரும். தளர்ந்த நுனி ஒவ்வொரு சுற்றிலும் மட்கார்டையும் பிரேக் ஹோஸையும் அடிக்கும். வேகம் 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. செயின் பெட்டியில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுவே கணக்கு. சக்கரத்தைச் சும்மா சுழலவிட்டால் கண்ணி அறும். தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள். சென்டர் டிஃபரன்ஷியல் (முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர் அமைப்பு) இல்லாத வண்டி என்றால் கையோடு டூ வீல் டிரைவுக்கும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் டிரைவ் லைனில், அதாவது சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் தண்டுகளில், முறுக்கம் ஏறும்.

பழைய செயினில் கண்ணியின் தடிமன் பாதியாகத் தேய்ந்திருந்தால் தூக்கிப்போடுங்கள். உப்புச் சாலையில் ஓட்டியதை நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்துத்தான் பைக்குள் வைக்க வேண்டும். அதே பையில் ரப்பர் கையுறை, மண்டியிட ஒரு விரிப்பு, தலையில் மாட்டும் டார்ச், மண்வெட்டி. பனியில் மாட்டிக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டு உட்கார நேர்ந்தால், மண்வெட்டியால் முதலில் சைலன்சர் வாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். அது அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகும், வாசனையே தெரியாது.