மின்தடை என்றால் கரண்டு போவதா?

"பராமரிப்புப் பணி காரணமாக நாளை மின்தடை" என்ற செய்தி நாகர்கோவில் பக்கம் அடிக்கடி கண்ணில் படும். இத்தனை வருடமாக அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. போன வாரம் பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் ஒரு கணக்கோடு வந்து உட்கார்ந்தாள். 230 வோல்ட்டில் வேலை செய்யும் 1000 வாட் இஸ்திரிப்பெட்டியின் மின்தடையைக் கண்டுபிடிக்க வேண்டும். "மின்தடைன்னா கரண்டு நிக்கதுதானே மாமா, அப்போ விடை பூச்சியம்தானே?" என்று கேட்டாள். "அது வேற மக்களே" என்று சொல்லி, செய்தித்தாள் அவள் மனதில் எழுதி வைத்திருந்ததை முதலில் அழிக்க வேண்டியதாயிற்று.

சொல்லின் பிறப்பில் சிக்கல் ஒன்றும் இல்லை. கொடு கொடை ஆனது போல, விடு விடை ஆனது போல, தடு தடை ஆனது. மின் என்பது பழைய தமிழில் மின்னல். பிற்பாடு மின்சாரத்துக்கும் அதுவே அடிச்சொல்லாக நின்றது. மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள உறவை ஜெர்மானிய இயற்பியலாளர் ஓம் 1827இல் நூலாக வெளியிட்டார். மின்தடையின் அலகுக்கும் அவர் பெயர்தான். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் மின்திறன். அந்த இஸ்திரிப்பெட்டிக்கு 1000ஐ 230ஆல் வகுத்தால் சுமார் 4.35 ஆம்பியர் ஓட்டம். 230ஐ 4.35ஆல் வகுத்தால் ஏறத்தாழ 53 ஓம். சரி, கணக்கு முடிந்தது.

கணக்கு முடிந்தும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. வீட்டு இஸ்திரிப்பெட்டியையே எடுத்து வந்தேன். பிளக் வெளியே கிடக்க, சூட்டுக் குமிழைத் திருப்பி வைத்துவிட்டு, மின்தடையை அளந்து காட்டும் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பிளக்கின் இரண்டு மெலிந்த பின்களில் வைத்தோம். 52 சொச்சம் காட்டியது. "கரண்டே இல்லையே மாமா, பிறகு எப்படிக் காட்டுது?" என்றாள். அந்தக் கேள்வியில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. மின்தடை என்பது கம்பிச் சுருளின் குணம். ஊரெல்லாம் இருட்டாகக் கிடந்தாலும் அது சுருளை விட்டுப் போகாது. இன்னும் சொன்னால், மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான் அதை மீட்டரில் ஓமாக அளக்கவே வேண்டும். மின்சாரம் ஓடும்போது அளக்கப் போனால் மீட்டர் கெட்டுப்போகலாம், கைக்கும் ஆபத்து. அப்படியென்றால் செய்தித்தாள் சொல்லும் 'மின்தடை'யின்போதுதான் பாடப்புத்தகம் சொல்லும் மின்தடையை அளக்க முடியும் என்றாகிறது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

தடை என்றால் முழுதாக நிறுத்துவதுதானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 தொடங்கும், மேற்குக் கரையான குளச்சலில் ஜூன் 1 தொடங்கும். எங்கே தொடங்கினாலும் முழு நிறுத்தம்தான். ஆனால் தடை என்ற சொல்லுக்கு அந்த ஒரு முகம் மட்டும் இல்லை. ஓடையில் பாறை கிடந்தால் அதுவும் தடைதான். தண்ணீர் நின்றுவிடுவதில்லை, குறைந்து ஓடும். மின்தடையில் இருப்பது இந்த இரண்டாவது தடை. மின்சாரம் ஓட வேண்டும், ஓடும்போது சுருள் அதை மட்டுப்படுத்த வேண்டும். அந்த உரசலில்தான் சூடு பிறந்து சட்டை மடிப்பு நிமிர்கிறது.

கரண்டு போகும்போது நடப்பது வேறு. யாரோ வழியில் நின்று தடுப்பதில்லை, அழுத்தமே வந்து சேர்வதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதையும் மின்தடை என்றே எழுதினார்கள். கம்பியே தரையில் கிடக்கிறது, அதில் எங்கே தடை? நம் ஆட்கள் "கரண்டு இல்ல" என்றுதான் சொன்னார்கள். அது துல்லியமான தமிழ். களியக்காவிளை தாண்டினால் மலையாளத்தில் 'வைத்யுதி முடங்கும்' என்று போடுகிறார்கள். அதில் தடை என்ற சொல் இல்லை. நமக்கு மின்வெட்டு இருக்கிறது, மின்நிறுத்தம் இருக்கிறது.

இது போதாதென்று இப்போது கருவியில் போட்டு எடுத்த மொழிபெயர்ப்புகள் வேறு. 'மின்னழுத்தம் மற்றும் தற்போதைய' என்று ஒரு குறிப்பில் படித்தேன். ஆங்கிலத்தில் 'கரண்ட்' என்ற சொல்லுக்கு 'இப்போதைய' என்றும் பொருள் உண்டு; அதைப் பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைத் 'தற்போதைய' ஆக்கிவிட்டு, மின்தடையை 'எதிர்ப்பு' ஆக்கியிருந்தார்கள். எதிர்க்க ஒரு மனம் வேண்டும். கம்பிக்கு ஏது மனம்? மின்திறனை 'மின்சக்தி' என்று எழுதுவதும் இதே வகைக் கேடு. 1000 வாட் என்பது திறன். அதை ஒரு மணி நேரம் ஓட்டினால் ஆகும் 1 யூனிட் என்பது ஆற்றல். இரண்டையும் சக்தி என்றால் கரண்டு பில்லைக்கூடப் பிள்ளைக்கு விளக்க முடியாது. இலங்கையில் திறனுக்கு வலு, ஆற்றலுக்குச் சக்தி என்று பாடநூலில் பிரித்தே வைத்திருக்கிறார்கள். நாமும் பிரித்துத்தான் வைத்திருந்தோம், எழுதுகிறவர்கள்தான் கலக்கிவிடுகிறார்கள்.

அறிவிப்பு எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது ஒரு வரிதான்: "பராமரிப்புப் பணிக்காக நாளை காலை 9 மணி முதல் மின்சாரம் இருக்காது."