ஹஸில்: பிழையும் பிழைப்பும்

ராப் பாடல் வரிகளைத் தமிழாக்க உட்காருபவர் முதலில் இடறி விழும் ஆங்கிலச் சொல் ஹஸில் (hustle). அகராதியைப் புரட்டினால் 'நெருக்கித் தள்ளு', 'ஏமாற்று' என்று இருக்கும். ஊக்கப் பேச்சாளர்களைக் கேட்டால் 'கடின உழைப்பு' என்பார்கள். பாட்டில் பொருத்திப் பார்த்தால் இரண்டுமே ஒட்டாது. முதலாவது பாடுபவனை வெறும் மோசடிக்காரன் ஆக்கிவிடும். இரண்டாவது, அவன் தெருமுனையில் நின்று விற்றது என்ன என்பதையே துடைத்துவிடும்.

சொல்லின் வேர் டச்சு மொழியில் இருக்கிறது. ஹுட்சலன் அல்லது ஹுசலன் என்றால் குலுக்குதல். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. காசுகளைத் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி ஆடும் சூதாட்டம் ஒன்றுக்கு ஹஸில்-கேப் என்றே பெயர். ஆக, பணமும் அதிர்ஷ்டமும் இந்தச் சொல்லோடு தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டவை. (தமிழிலும் குலுக்கல் என்றால் பரிசுச் சீட்டுதான் நினைவுக்கு வருகிறது.) குலுக்குவது பிறகு முட்டித் தள்ளுவது ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கூட்டத்தில் ஒருவனை இடித்து நெருக்கிப் பையைக் காலி செய்பவன் ஹஸ்லர். அதே நூற்றாண்டின் 1880களில் அமெரிக்காவில் அதே சொல் சுறுசுறுப்பான வியாபாரியைப் பாராட்டவும் பயன்பட்டது. திருடனுக்கும் முதலாளிக்கும் ஒரே பட்டம்! இந்த இரட்டைத்தன்மை பின்னால் வந்த எந்தப் பொருளிலும் விலகவில்லை.

பில்லியர்ட்ஸ் மேசையில் அது தனி நுட்பமாகவே வளர்ந்தது. கைதேர்ந்த ஆட்டக்காரன் தன் திறமையை மறைத்துச் சிறு பந்தயங்களில் வேண்டுமென்றே தோற்பான். எதிராளிக்குத் துணிவு வந்து பந்தயத் தொகை ஏறியதும் நிஜமாக ஆடுவான். அங்கே ஆட்டத்தில் பொய் இல்லை. தன்னை யாரென்று காட்டிக்கொண்டதில்தான் பொய். நகர்ப்புறக் கறுப்பினக் குடியிருப்புகளில் பொருள் இன்னும் விரிந்தது. சட்டவிரோத எண் சூதாட்டத்துக்குச் சீட்டு எழுதுவது, திருட்டுப் பொருளைக் கைமாற்றுவது, போதைப்பொருள் விற்பது, இவற்றுக்கு நடுவே கிடைத்த கூலி வேலைக்குப் போவது எல்லாமே ஒரே சொல்லுக்குள் அடங்கின. 1965இல் வெளிவந்த கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் தன்வரலாற்றில், நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் கழித்த நாள்களைச் சொல்லும் ஓர் அத்தியாயத்துக்கு ஹஸ்லர் என்பதே தலைப்பு.

ராப்பை உள்ளடக்கிய ஹிப்-ஹாப் பண்பாடு பிறந்த இடம் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி. 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூவில் 1520ஆம் எண் கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்த விருந்தையே பிறந்தநாளாகக் கொள்வது வழக்கம். குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு போன விரைவுச்சாலை, எரிந்து கிடந்த கட்டடங்கள், 1975இல் திவாலின் விளிம்புக்கே போன நகர நிர்வாகம் என்பதுதான் சூழல். அதே பகுதி இளைஞர்களிடமிருந்து அதே பத்தாண்டில் கிளம்பிய ஒரு ஜோடி நடனத்துக்கும் ஹஸில் என்றுதான் பெயர். பாட்டில் வருவது நடனமா பிழைப்பா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

1982இல் வந்த 'தி மெசேஜ்' பாடல் வறுமையை நேராகப் பாடியது. அதில் ஒரு சிறுவன் தெருவில் பணம் புழங்கும் ஆள்களை, சூதாட்டச் சீட்டு எழுதுபவர்களையும் போதை விற்பவர்களையும், அண்ணாந்து பார்த்து வளர்கிறான், சிறைக்குப் போகிறான், அங்கேயே சாகிறான். பாட்டு அந்த ஆள்களைப் புகழவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே வசதியான வாழ்க்கை அது என்று மட்டும் காட்டுகிறது.

பிறகு கிராக் என்னும், புகைக்கும் வகைக் கொக்கைன் வந்தது. 1986ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி 5 கிராம் கிராக் விற்றுப் பிடிபட்டாலே குறைந்தது 5 ஆண்டுச் சிறை. அதே தண்டனைக்குத் தூள் கொக்கைன் 500 கிராம் வேண்டும். ஒன்றுக்கு நூறு என்ற இந்த விகிதம் 2010இல்தான் ஒன்றுக்குப் பதினெட்டாகக் குறைந்தது. 1990களின் வரிகளில் கிராம் கணக்கும் ஆண்டுக் கணக்கும் மாறி மாறி வருவதற்கு இதுவே பின்னணி. மொழிபெயர்ப்பில் அளவுகளைப் பொத்தாம்பொதுவாக விட்டுவிட்டால் பாட்டின் அச்சமே காணாமல் போகும். ராப்பர் நோட்டோரியஸ் பிஐஜி போதை விற்பவர்களுக்காக 1997இல் பாடிய பத்துக் கட்டளைகளைப் பாருங்கள்: கையிருப்பு எவ்வளவு என்று யாருக்கும் சொல்லாதே, கடன் கொடுக்காதே, தங்கும் இடத்தில் விற்காதே, குடும்பத்தையும் தொழிலையும் கலக்காதே. சரக்கின் பெயரை எடுத்துவிட்டால் எந்த மளிகைக் கடைக்காரரும் தலையாட்டுவார். குற்றத்தைக் கணக்குப் புத்தகத்தின் மொழியில் பேசுவதுதான் இந்த வகைப் பாடல்களின் தனி உத்தி.

இனித் தமிழுக்கு வருவோம். எனக்குப் பட்டவரை, ஹஸிலுக்கு நிகரான சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது: பிழைப்பு. பேச்சுவழக்கில் பொழப்பு.

பிழைத்தல் என்பதன் பழைய பொருள் குறி தவறுதல். 'கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல்' என்னும் குறளில் (772) வேல் யானையைத் தவறவிடுகிறது. 'பெரியார்ப் பிழைத்தொழுகு வார்' (896) என்னும்போது அது குற்றம் செய்தல். உயிர் தப்புதலும் அதே வினைதான். அம்பு பிழைத்தால் மான் பிழைக்கும். சாவு தவறவிட்டவன் பிழைத்தவன். அவன் நாளைத் தள்ளச் செய்வது பிழைப்பு. குற்றமும் உயிர்வாழ்தலும் ஒரே வேரில் இப்படிக் கலந்து நிற்பது ஹஸில் என்ற சொல்லுக்கே கிடைக்காத ஆழம். இலங்கைத் தமிழர் காதில் 'பிழை' என்றதும் தவறு என்ற பொருள் உடனே விழும்; தமிழ்நாட்டுப் பேச்சில் உயிர்வாழ்வதே முன்னால் நிற்கும். வாசகர் யாரென்று பார்த்து எழுதினால் போதும்.

ஹஸ்லர் என்பவன் 'பிழைக்கத் தெரிந்தவன்'. இந்தத் தொடரைச் சொல்லும் தொனியிலேயே பாராட்டும் ஏளனமும் சேர்ந்து வரும். நேர்மையானவனைப் 'பிழைக்கத் தெரியாதவன்' என்று நாம் அலுத்துக்கொள்வதும் அதே கணக்கில்தான். பிழைப்புவாதி என்று மட்டும் போட்டுவிடக் கூடாது. அது கொள்கையை விற்கும் அரசியல்வாதிக்குப் போய்விட்ட சொல்.

ஆனால் எல்லா இடத்திலும் பிழைப்பு பொருந்தாது. வினையாக வந்து, செயப்படுபொருளாக ஓர் ஆள் நின்றால் அங்கே ஏமாற்றுதான். 'அவனை எத்திவிட்டான்' என்று எழுதலாம். செயப்படுபொருளாகச் சரக்கு நின்றால் 'விற்றான்' என்று நேராகச் சொல்லிவிடுவது மேல். வொர்க் என்ற சொல்லிலும் கவனம் வேண்டும்: இந்த வரிகளில் அது பெரும்பாலும் வேலையைக் குறிக்காது, விற்பனைக்கு வைத்திருக்கும் போதைப்பொருளைக் குறிக்கும். நம் 'சரக்கு' கச்சிதமாகப் பொருந்தும். இது தெரியாமல் மொழிபெயர்த்தால், பையில் சரக்கோடு போலீசுக்குப் பயந்து ஓடுகிறவன் தமிழில் 'வேலையைத் தூக்கிக்கொண்டு' ஓடுவான்.

ராப்பர் ஜே-ஸியின் 1996ஆம் ஆண்டுப் பாட்டால் பரவலான ஒரு தொடர் உண்டு: 'நாக் த ஹஸில்' (முன்னால் 'கூடாது' என்ற எதிர்மறை சேர்ந்தே வரும்). நாக் என்பதைத் தட்டுதல் என்று எடுத்து 'பிழைப்பில் மண் போடாதே' என்று எழுதத் தோன்றும். மண் போடுவது வருமானத்தைக் கெடுப்பது. இங்கே கேட்கப்படுவது வேறு, இழிவாகப் பேசாதே என்பது. 'பிழைப்பைப் பழிக்காதே' என்றால் சரி.

கிரைண்ட் (நேர்ப்பொருள்: அரைத்தல்) இதன் நெருங்கிய உறவு. 'செக்குமாடு' கைக்கு எட்டும் உவமைதான், ஆனால் அதில் எங்கும் போய்ச் சேராத சலிப்பு இருக்கிறது. ராப்பில் கிரைண்ட் பெருமையோடு வரும். 'பாடுபடுதல்' அல்லது 'மாடாய் உழைத்தல்' போதும்.

பிற்காலத்தில் பாட்டை விற்பதே ஹஸில் ஆயிற்று. லாஸ் ஏஞ்சலிஸ் ராப்பர் நிப்சி ஹஸில் மேடைப் பெயரிலேயே சொல்லை வைத்துக்கொண்டவர். 2013இல், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த தன் 'கிரென்ஷா' தொகுப்பை ஆயிரம் பிரதிகள் மட்டும் அச்சிட்டு ஒவ்வொன்றையும் 100 டாலருக்கு விற்றார். 100 பிரதிகளை ஜே-ஸியே வாங்கினார். 2019 மார்ச் 31 அன்று நிப்சி சுட்டுக் கொல்லப்பட்டதும் தன் சொந்தக் கடை வாசலில்தான். அவரைப் பற்றி எழுதும்போது 'பிழைப்பு' என்பது சிறுத்துவிடும். அங்கே 'தொழில்' பொருத்தம்.

அலுவலகப் பேச்சில் அடிபடும் சைடு ஹஸில் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அதில் போலீசும் இல்லை, பட்டினியும் இல்லை. 'உபதொழில்' போதும்.