குங்மென்கோவ்: அரண்மனை வாயில் அல்ல, கோயில் வாயில்

சீன எழுத்தாளர் லூ சுன் பெய்ஜிங்கில் குடியிருந்த வீட்டின் முகவரி, போன வாரம் படித்த ஒரு கட்டுரையில் 'அரண்மனை வாயில் மேற்கு மூன்றாம் சந்து' என்று இருந்தது. இதே 'அரண்மனை வாயில்' இதற்கு முன் ஒரு பயணக் காணொளியில் காதில் விழுந்தது, அப்புறம் ஒரு சப்டைட்டிலில் கண்ணில் பட்டது. மூன்றாவது முறையும் பார்த்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை. பேரரசரின் அரண்மனை அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. குங்மென்கோவ் என்ற இந்தத் தெருவுக்குப் பெயர் தந்த வாயிலுக்குப் பின்னால் இருந்தது, சீனத்துத் தாவோ சமயத்தின் கோயில் ஒன்று.

அந்தக் கோயிலின் பெயர் சாவ்தியன் குங். 'வானைத் தொழும் குங்' என்று சொல்லலாம். மிங் அரசு அதை 1433-இல் கட்டியது. நாஞ்சிங்கில் அதே பெயரில் இருந்த கோயில்தான் முன்மாதிரி. 1626-இல் தீப்பிடித்து எரிந்து போனது; மறுபடி எழும்பவில்லை. காலி மனையில் சனங்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். ஆனால் கோயிலின் முன்வாசல் இருந்த இடத்துக்குக் குங்மென்கோவ் என்ற பெயர் அப்படியே நின்றுவிட்டது. மென்கோவ் என்றால் வாசல், வாயில். அதில் தகராறு இல்லை. தகராறு முழுக்கக் 'குங்' என்ற ஒற்றை எழுத்தில்தான்.

குங் என்ற எழுத்து, கூரைக்குக் கீழே இரண்டு அறைகள் இருப்பது போன்ற வடிவம். மிகப் பழங்காலத்தில் யார் வீடாக இருந்தாலும் குங்தான். சின் பேரரசுக் காலத்திலிருந்து அது அரசன் வாழுமிடத்துக்கு மட்டும் என்றானது. பிறகு தாங் அரசர்கள் தாவோ சமயத்தின் மூல ஞானியான லாவோட்சுவைத் தங்கள் குலமுதல்வராகக் கொண்டாடினார்கள். அரசகுலத்து முன்னோருக்கு அரசனுக்குரிய இருப்பிடம் வேண்டுமல்லவா? 743-இல் தலைநகர் சாங்ஆனில் இருந்த லாவோட்சு கோயிலுக்குத் 'தாய்ச்சிங் குங்' என்று பெயர் சூட்டினார்கள். அதன் பின் பெரிய தாவோ கோயில்களைக் குங் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. கடற்கரை ஊர்களில் மாசு என்ற கடல் அம்மனின் கோயிலும் குங்தான்.

இப்போது தமிழுக்கு வருவோம். கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. அரசன் வீடுதான் கோயில். கண்ணகி நீதி கேட்கப் போகும் இடத்தில் இளங்கோ 'வாயில் வந்து கோயில் காட்டக் கோயில் மன்னனைக் குறுகினள்' என்கிறார். அங்கே கோயில் என்றால் பாண்டியன் அரண்மனை. அதே சொல் பிறகு இறைவன் உறையும் இடத்துக்கு வந்தது. குங் சீனத்தில் நடந்த அதே பாதையில் கோயில் தமிழில் நடந்திருக்கிறது. இவ்வளவு பொருந்தி வரும் இணைச்சொல் ஆங்கிலத்தில் இல்லை. அங்கே 'பேலஸ்' அல்லது 'டெம்பிள்' என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஆங்கிலக்காரர் அகராதியின் முதல் பொருளை எடுத்துப் 'பேலஸ்' என்று போட்டார். நம்மவர் அதைப் பார்த்து 'அரண்மனை' என்று போட்டார். வீட்டில் நெல் இருக்க, வெளியூரில் கடன் வாங்கிய கதை இது.

'கோயில் என்று எழுதினால் வாசகர் நம்மூர்க் கோபுரத்தை நினைத்துக்கொள்வார், தாவோ மடம் என்று எழுதுவோம்' என்று ஒரு நண்பர் வாதாடினார். இது அரண்மனையை விடத் தேவலாம், ஆனாலும் ஒப்ப முடியாது. மடம் என்றால் துறவிகள் தங்கும் இடம். சாவ்தியன் குங்கில் துறவிகள் இருந்திருப்பார்கள், சரி. ஆனால் அது அரசு எழுப்பிய பெரிய வழிபாட்டிடம். புத்தாண்டு, பேரரசரின் பிறந்தநாள் போன்ற பெருவிழாக்களுக்கு முன் அதிகாரிகள் அங்கே கூடித்தான் சடங்கு ஒத்திகை பார்த்தார்கள். அதை மடம் என்றால் அளவே சுருங்கிவிடுகிறது. வாசகர் கோபுரத்தை நினைப்பாரே என்ற பயமும் வேண்டாம். புத்தர் கோயில், சமணக் கோயில் என்று நாம் சொல்லாமலா இருக்கிறோம்?

அரண்மனையே கோயிலாக மாறிய குங்கும் பெய்ஜிங்கில் உண்டு. யோங்ஹெ குங் 1694-இல் ஓர் இளவரசருக்காகக் கட்டிய மாளிகை. அவர் யோங்செங் பேரரசராகி மறைந்த பின், 1744-இல் அது திபெத்திய பௌத்தக் கோயிலானது. பெயர் மாறவில்லை. இதையும் 'யோங்ஹெ அரண்மனை' என்றே எழுதுகிறார்கள். உள்ளே ஊதுபத்தி ஏந்தி நிற்கும் கூட்டத்தைப் படத்தில் பார்த்த பிறகுமா?

அடுத்தது 'சந்து'. பெய்ஜிங்கின் ஹூதொங் எல்லாவற்றையும் சந்து என்று எழுதிவிடுகிறார்கள். கிணற்றைக் குறிக்கும் மங்கோலியச் சொல்லிலிருந்து ஹூதொங் வந்தது என்பது பலர் கருத்து. எப்படியானாலும், வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்புத் தெருதான் அது. சியன்ஷி ஹூதொங்கின் ஒடுக்கமான பகுதியில் அகலம் அரை மீட்டருக்கும் குறைவு. அது சந்துதான், மறுக்கவில்லை. ஆனால் லிங்ஜிங் ஹூதொங்கின் அகலமான பகுதி சுமார் 32 மீட்டர்! அதைச் சந்து என்று எப்படி எழுத முடியும்? (இதுவும் லிங்ஜி குங் என்ற தாவோ கோயிலால் பெயர் பெற்ற தெருதான், வாய்ப்பேச்சில் திரிந்துவிட்டது.) பொதுவாகத் 'தெரு' என்போம், ஒடுங்கிய இடத்தில் 'சந்து' என்போம்.

குங்மென்கோவில் இன்று கோயில் இல்லை. கிழக்குக் கிளைத் தெருவில் நின்றால் ஓட்டுக் கூரைகளுக்கு மேலே வெள்ளைத் தூபி ஒன்று தெரியும். அது வேறு கோயிலுடையது. குப்ளாய் கான் காலத்தில், நேபாளச் சிற்பி அரனிகோ 1279-இல் முடித்த பௌத்தத் தூபி. ஆனால் எரிந்துபோன தாவோ கோயிலை அதன் சுற்றுத் தெருக்களின் பெயர்களிலிருந்தே மீட்டு வரையலாம். வடக்கே தொங்லாங்சியா, சிலாங்சியா என்று தெருக்கள் உண்டு. கோயிலைச் சுற்றியோடிய கூரையிட்ட நடைக்குத்தான் லாங் என்று பெயர். நம் கல்வெட்டுகளில் வரும் திருச்சுற்று மாளிகை மாதிரி. 'கிழக்குத் திருச்சுற்றடி', 'மேற்குத் திருச்சுற்றடி' என்று எழுதிப் பாருங்கள், இடிந்த கோயிலின் வரைபடமே கண்முன் வந்துவிடும். 'கிழக்குத் தாழ்வாரச் சந்து' என்றால் என்ன தெரிகிறது?

லூ சுன் 1924 முதல் 1926 வரை வாழ்ந்த வீடு இப்போது அவர் பெயரிலான அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. வீட்டின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன அறையில்தான் எழுதுவார், உறங்குவார். அதற்குப் 'புலிவால்' என்று பெயர். அந்த முகவரியை நான் இப்படித்தான் எழுதுவேன்: 21, கோயில்வாயில் மேற்கு மூன்றாம் தெரு, பெய்ஜிங்.