இன்டர்ன்ஷிப்: வந்த கதையும் தமிழ்ல சொல்ற வழியும்

காலேஜ்ல மூணாவது வருஷம் வந்துட்டா கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க வாய்ல ஓயாம வர்ற வார்த்தை இன்டர்ன்ஷிப். மேத்ஸ் டிபார்ட்மென்ட்ல அவ்வளவா கேக்காது, அங்க சம்மர் ப்ராஜெக்ட்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. வார்த்தை எங்கருந்து வந்துச்சுன்னு தேடிப் போனா கம்ப்யூட்டருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆஸ்பத்திரில பொறந்த வார்த்தை.

லத்தீன்ல இன்டர்னுஸ்னா உள்ள இருக்கறது. அது பிரெஞ்சுக்குப் போச்சு. 1802ல பாரிஸ் ஆஸ்பத்திரிகள்ல போட்டித் தேர்வு வச்சு மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸை எடுக்க ஆரம்பிச்சாங்க, அதுல ஆஸ்பத்திரிக்குள்ளயே இருந்து வார்டு பாக்கற சீனியருக்கு இன்டர்ன், வெளியருந்து வந்து போற ஜூனியருக்கு எக்ஸ்டர்ன்னு பேரு. 19ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள அமெரிக்க டாக்டர்கள் இந்த வார்த்தைய எடுத்துக்கிட்டாங்க, அங்கருந்து ஆபீஸ், கம்பெனி, லேப்னு எல்லா இடத்துக்கும் பரவிடுச்சு. போர் நேரத்துல எதிரி நாட்டு ஆளுங்கள அடைச்சு வைக்கறாங்கள்ல, இன்டர்ன்மென்ட், அதுக்கும் வேர் இதுதான் (தொடர்ந்து நைட் டூட்டி பாத்த ஹவுஸ் சர்ஜன்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, ஆமான்னுதான் சொல்வார்). அந்த ஹவுஸ் சர்ஜனும் பிரிட்டிஷ்காரன் வழியா வந்த அதே அர்த்தம்தான், ஆஸ்பத்திரியையே வீடா வச்சுக்கிட்டவர்.

நம்ம இன்ஜினியரிங் காலேஜ்ல இந்த வார்த்தையோட இன்னும் ரெண்டு ஒட்டிக்கிட்டு வரும், அங்கதான் குழப்பமே. ஐ.வி.ன்னா இன்டஸ்ட்ரியல் விசிட், பஸ் புடிச்சு போயி ஒரு ஃபேக்டரிய முக்கா மணி நேரம் சுத்திப் பாத்துட்டு மிச்ச ரெண்டு நாள் மைசூர்லயோ ஊட்டிலயோ போட்டோ எடுக்கறது. இன்பிளான்ட் ட்ரெய்னிங்னா ஒரு வாரம் பத்து நாள் கம்பெனிக்குப் போயி உக்காந்து கேட்டுட்டு சர்ட்டிபிகேட் வாங்கறது. இன்டர்ன்ஷிப்ல நம்ம கையால ஏதாவது நடந்திருக்கணும், அதை உள்ள இருக்கற ஒருத்தர் பாத்து இது தப்பு இப்படி மாத்துன்னு சொல்லிருக்கணும். ரெக்கார்ட் பண்ண வீடியோவுக்குப் பணம் கட்டி, முடிவுல வர்ற பி.டி.எஃப். சர்ட்டிபிகேட்டையும் இன்டர்ன்ஷிப்னு போடறாங்க இப்போ, என்னைக் கேட்டா அது எக்ஸ்டர்ன்கூட கிடையாது.

அதுக்குன்னு ஆபீஸ் கட்டடத்துக்குள்ள போயே ஆகணும்னு இல்ல. 2005ல ஆரம்பிச்ச கூகுள் சம்மர் ஆஃப் கோட்ல வீட்ல இருந்தபடியேதான் வேலை. ஏதாவது ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ல, அதாவது கோட் எல்லாருக்கும் திறந்து கிடக்கற ப்ராஜெக்ட்ல சேந்து, அவங்க கோட் எல்லாத்தையும் இறக்கி, மொதல்ல அதை நம்ம மெஷின்ல ஓட வைக்கறதுக்கே நாக்கு தள்ளிடும், அப்புறம் ஒரு சின்ன பக்கை (கோட்ல இருக்கற தப்பை) சரி பண்ணி, இதைச் சேத்துக்கோங்கன்னு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினா, நீங்க மாத்தின நாலு வரிக்கு மென்டர், அதாவது வழிகாட்டறவர், எழுதற கமெண்ட் அதைவிட நீளமா வரும், இந்த வேரியபிளுக்கு ஏன் இந்தப் பேரு, இதுக்கு டெஸ்ட் எங்க, லிஸ்ட் காலியா வந்தா என்ன ஆகும்னு. அந்தக் கமெண்ட்தான் இன்டர்ன்ஷிப்பே.

மேத்ஸ்ல உள்ள போறதுன்னா வேற மாதிரி. நம்ம நாட்டுல எம்.டி.டி.எஸ்.னு ஒரு கோடைக்கால கணித முகாம் 1993லருந்து நடக்குது, லெக்சரை எழுதிக்கிட்டு வர்ற இடம் இல்ல அது, கேள்வியா கேட்டு நம்மளையே யோசிச்சு நிரூபிக்க விடுவாங்க. தியரம் மனப்பாடமா தெரியும், ஆனா அதுல இருக்கற ஒரு கண்டிஷனைத் தூக்கிட்டா எங்க உடையும், ஒரு உதாரணம் சொல்லுன்னா அப்பதான் முழிப்போம். அமெரிக்காலயும் காலேஜ் பசங்கள சம்மர்ல நிஜமான ஆராய்ச்சிக் கணக்குல இறக்கிவிடற ஆர்.இ.யூ. திட்டம் 1987லருந்து இருக்கு, அதுல பசங்களுக்குக் காசும் குடுக்கறாங்க.

சரி, தமிழ்ல என்ன? இலங்கைல உள்ளகப் பயிற்சின்னு சொல்றாங்க, அங்க உள்ளகக் கணக்காய்வு (இன்டர்னல் ஆடிட்), உள்ளக விசாரணைன்னு பழகின காதுக்கு அது சரியா விழும். இங்க அப்படி எழுதினா கம்பெனி தன்னோட ஸ்டாஃபுக்கே நடத்தற ட்ரெய்னிங் மாதிரி தெரியுது. உள்ளிருப்புப் பயிற்சின்னு ஒண்ணு கண்ல படுது, அதைப் படிச்சா போராட்டத்துக்கு ரிகர்சல் போலருக்கு. எனக்குப் பிடிச்சது பயிற்சிப்பணி, பயிற்சியும் இருக்கு பணியும் இருக்கு, சொல்லவும் சுலபம்.

ஆள் யாருன்னு சொல்றதுலதான் சிக்கல். பயிற்சியாளர்னு எழுதினா அது கோச். டாக்டருக்குப் பேப்பர்காரங்க பயிற்சி மருத்துவர்னு போட்டு சமாளிச்சுட்டாங்க, பயிற்சி கணிதர்னா நல்லாவா இருக்கு? அப்ரன்டிஸுக்கு தொழில் பழகுநர்னு அரசாங்கத்துல ஒரு அழகான சொல் ஏற்கனவே ஓடிட்டிருக்கு, ஆனா அது 1961 அப்ரன்டிஸ் சட்டத்துக்குக் கீழ வர்ற வேற ஏற்பாடு, அதனால முன்னாடி இருக்கற தொழிலை எடுத்துட்டு வெறும் பழகுநர்னு வச்சுக்கலாம். நிரல் எழுதறவனுக்கும் கணக்கு போடறவளுக்கும் பொருந்தும்.

இன்டர்னுக்குக் குடுக்கற காசு ஸ்டைபண்டு, அதுக்கு உதவித்தொகைன்னு எழுதறாங்க, அது ஸ்காலர்ஷிப்போட போயி குழம்பிடுது. லத்தீன்ல ஸ்டைபெண்டியம்னா சிப்பாய்க்குக் குடுத்த சம்பளம், உதவி இல்ல. பயணப்படி, பஞ்சப்படி வரிசைல பயிற்சிப்படின்னு எழுதிடலாம். காசு கட்டி சேர்ற இன்டர்ன்ஷிப்புக்கு அந்த வார்த்தை தேவைப்படாது.